கூடப் படித்தவர்கள்

கலாசாலையை விட்டு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆனபின் பழைய சகபாடி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்கிறோம். விடை வந்ததும், "என்ன உத்தியோகம்?" என்கிறோம். மூன்றாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு இருக்கும் என்பதை அவருடைய செருப்பையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து நாமே தீர்மானித்துக் கொள்கிறோம். அதன் பிறகு, எதிரில் இல்லாதவர்களைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. "எப்போதும் முதல் மார்க்கு வாங்குவானே, அவன் என்ன ஆனான்?" அவன் பெரிய பதவியில் இருக்கிறான் என்று தெரிந்தால், "அப்போதே எனக்குத் தெரியும்" என்கிறோம். சுமாரான நிலையில் இருக்கிறான் என்று தெரிந்தால் வாயளவில் அநுதாபப்படுகிறோம். மனத்தின் ஒரு மூலையில் சிறு திருப்தி தலைகாட்டுகிறது. இது மனித சுபாவந்தான். ஆனால் மெச்சத் தகுந்த சுபாவமல்ல.

முன்னெல்லாம் ஒரு சகபாடியின் விலாசம் தெரிந்துகொள்ள ஊர் ஊராகக் கடிதம் எழுதவேண்டும். இன்றோ கைப்பேசியின் தயவால் ஒரு வகுப்பார் அத்தனை பேரையும் ஒரு மாலைப் பொழுதில் தேடிப் பிடித்துவிடலாம். முதல் வாரம் பழைய கதைகள் வெள்ளமாய்ப் பெருகுகின்றன. இரண்டாம் வாரம் குழந்தைகளின் படங்கள் வருகின்றன. மூன்றாம் வாரத்துக்குப் பின் பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கமுமே மிஞ்சுகின்றன. கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது, கண்டுபிடித்த பிறகு என்ன பேசுவது என்பதுதான் விளங்கவில்லை.

ஆகவே இந்த வாரம் வாசகர்களுக்கு ஒரு வகுப்பின் க்ஷேம சமாசாரத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது நமது வகுப்பல்ல. 1911-ஆம் ஆண்டு முதல் 1915-ஆம் ஆண்டு வரையில் கல்கத்தா பிரெஸிடென்ஸி கலாசாலையில் படித்த வகுப்பு. அங்கே அப்போது பௌதிகம் போதித்தவர் ஜகதீச சந்திர போஸ். ரஸாயனம் போதித்தவர் பிரபுல்ல சந்திர ராய். இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருவர் ஒரே கூரையின்கீழ் அமைவது எந்தத் தேசத்திலும் அபூர்வம். ஆனால் நாம் இங்கே சொல்லப்போவது ஆசிரியர்களைப் பற்றியன்று. பெஞ்சிகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றி.

அவர்களில் ஒருவர் ஸத்யேந்திரநாத் போஸ். கல்கத்தாவிலேயே 1894-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி பிறந்தவர். தகப்பனார் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். ஆறு பெண்களோடு பிறந்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இவருடைய கணித உபாத்தியாயர் இவருக்கு நூற்றுக்கு நூற்றுப்பத்து மார்க்குப் போட்டார் என்று சொல்வதுண்டு.

மற்றொருவர் மேகநாத் ஸாஹா. டாக்காவுக்கு அருகே ஸியோராதலி என்ற கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். தகப்பனார் அங்கே சிறு கடை வைத்திருந்தார். எட்டுக் குழந்தைகளில் ஐந்தாவது பிள்ளை. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்கவேண்டுமானால் பல மைல் தூரம் போகவேண்டும். அந்த ஊரிலிருந்த ஒரு வைத்தியர் தம் வீட்டில் இடங்கொடுத்தார்; பையன் தன் பாத்திரத்தைத் தானே கழுவிக்கொண்டு, அவ்வீட்டுப் பசுவையும் கவனித்துக்கொண்டு படித்தான். தமையனார் மாதம் இருபது ரூபாய்ச் சம்பளத்தில் ஐந்து ரூபாயைத் தம்பிக்கு அனுப்பிவந்தார். 1905-இல் வங்காளப் பிரிவினை வந்தது. மாகாண அதிகாரியின் விஜயத்தைப் பகிஷ்கரித்த மாணாக்கர்களில் இந்தப் பையனும் ஒருவன் என்று சொல்லி, சர்க்கார் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள், ஸ்காலர்ஷிப்பும் போயிற்று. வேறொரு பள்ளியில் சேர்ந்து படித்து மேலே வந்தார்.

இந்த இருவரும் 1911-இல் பிரெஸிடென்ஸி கலாசாலையில் ஒரே வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். 1913-இல் பி.எஸ்ஸி. பரீட்சை நடந்தது. போஸ் முதல்வர், ஸாஹா இரண்டாமவர். 1915-இல் எம்.எஸ்ஸி. பரீட்சை. அப்போதும் போஸ் முதல்வர், ஸாஹா இரண்டாமவர்.

வகுப்பறையில் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள் ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அப்படி நிற்க முடியவில்லை. ஸாஹாவின் சாதியைக் காரணமாகச் சொல்லி, மாணாக்கர் சிலர் அவரோடு சமபந்தியில் உண்ண மறுத்தார்கள். அன்னிய ஆட்சியை எதிர்த்ததற்காகப் பள்ளியை இழந்த பிள்ளைக்கு, சொந்தத் தேசத்துப் பிள்ளைகள் செய்த மரியாதை அது! அவரை விலக்கிய மாணாக்கர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. ஆனால் அந்த அவமதிப்பின் வடு ஸாஹாவின் நெஞ்சில் ஆயுள் முழுதும் இருந்தது என்பதை அவருடைய பிற்கால எழுத்தும் பேச்சும் காட்டுகின்றன.

அந்நாளில் அங்கே படித்த மற்றவர்களையும் சுருக்கமாக விசாரித்துவிடுவோம். ரஸாயனம் படித்த ஞான் சந்திர கோஷ் 1939-இல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர் ஆனார். நம் ஊர் சி. வி. ராமன் முன்பு வகித்த பதவி அது. பிறகு 1950-இல் கரக்பூரில் நிறுவப்பட்ட முதல் ஐ.ஐ.டி.க்கு முதல் டைரக்டரும் அவரே. ஞானேந்திரநாத் முகர்ஜி மண்ணின் ரஸாயனத்தை ஆராய்ந்து, டில்லியில் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவரானார். நிகில் ரஞ்சன் ஸென் ஜெர்மனிக்குப் போய் மாக்ஸ் வான் லௌவேயிடம் பயின்று வந்து, கல்கத்தாவில் கணிதப் பேராசிரியராக ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ஒரு வருஷம் மேல் வகுப்பில் இருந்த பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1931-இல் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தை ஸ்தாபித்தார். பௌதிகம் படித்த சைலேந்திரநாத் கோஷின் வழி முற்றிலும் வேறு. ஆராய்ச்சி செய்யவேண்டியவரைப் புரட்சிக்காரர் என்று போலீஸார் தேடவே, கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கும் 1918-இல் கைதானார். ஆய்வுக்கூடத்துக்கும் சிறைக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்த காலம் அது.

பட்டம் வாங்கிய மறுநாளே இவர்களுக்கு மாலை மரியாதைகள் காத்திருந்தன என்று வாசகர்கள் நினைக்கவேண்டாம். முதல் மார்க்கு வாங்கிய போஸுக்கு ஏற்ற உத்தியோகம் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தார். அப்படி அவரிடம் படித்த பையன்களில் ஒருவர், பின்னாளில் 'தேவதாஸ்' படத்தை எடுத்த பிரமதேஷ் பரூவா. ஸாஹாவோ, நிதி இலாகா உத்தியோகத்துக்கான பரீட்சை எழுத விரும்பினார். ராமன் எழுதித் தேறிய பரீட்சைதான் அது. புரட்சிக்காரர்களோடு சிநேகம் உள்ளவர் என்ற சந்தேகத்தால் சர்க்கார் அநுமதி மறுத்துவிட்டது. அந்த ஆட்சி அறியாமல் நமக்குச் செய்த உபகாரங்களில் இதையும் ஒன்றாகக் கணக்கில் எழுதலாம்!

அச்சமயம் கல்கத்தா ஸர்வகலாசாலையை நடத்திய ஆசுதோஷ் முகர்ஜி புதிதாக விஞ்ஞானக் கலாசாலை ஒன்றை ஏற்படுத்தி, இந்த இளைஞர்களை 1916-இல் ஆசிரியர்களாக அமர்த்தினார். அடுத்த ஆண்டு நிதி இலாகாவைத் துறந்து ராமனும் அங்கே பேராசிரியராக வந்தார். இளைஞர்கள் போதிக்க வேண்டிய பாடமோ புதிய பௌதிகம். அதை அவர்களுக்கே யாரும் கற்பித்திருக்கவில்லை. யுத்த காலமாதலால் ஜெர்மனியிலிருந்து புத்தகம் வருவதில்லை. கல்கத்தாவில் இருந்த புரூல் என்ற ஆசிரியரிடம் ஜெர்மன் நூல்கள் இருப்பது தெரிந்து, அவற்றை இரவல் வாங்கிப் படித்தார்கள். ஜெர்மன் பாஷையையும் கற்றார்கள். 1918-இல் போஸும் ஸாஹாவும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். 1920-இல் ஐன்ஸ்டீனும் மின்கோவ்ஸ்கியும் எழுதிய சார்புத் தத்துவக் கட்டுரைகளை இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். மஹலனோபிஸ் முன்னுரை எழுத, ஸர்வகலாசாலை அதைப் புத்தகமாக வெளியிட்டது. அக்கட்டுரைகளுக்கு ஆங்கிலத்தில் தோன்றிய முதல் மொழிபெயர்ப்புகளில் அது ஒன்று. சேர்ந்து படிப்பது பரீட்சையோடு முடிந்துவிடும் காரியம் என்று அவர்கள் எண்ணவில்லை.

அதே 1920-இல் இரண்டாம் மார்க்குக்காரரின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அதில் பல கோடுகள் தெரிகின்றன. ஒரு மூலப்பொருளுக்குரிய கோடு ஒரு நட்சத்திரத்தில் தெரிகிறது, இன்னொன்றில் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் அந்தப் பொருளே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்றார் ஸாஹா. உஷ்ணமும் அழுத்தமும் மாறும்போது அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் அளவு மாறுகிறது; அதற்கேற்பக் கோடுகளும் மாறுகின்றன என்று காட்டி, அதற்கு ஒரு சமன்பாடும் தந்தார். நட்சத்திரங்களின் உஷ்ணத்தை அவற்றின் ஒளியைக் கொண்டே அறிவதற்கு அது வழி திறந்தது. கிராமத்துக் கடைக்காரரின் பிள்ளை 1927-இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் ஆனார். முதல் மார்க்குக்காரருக்கு அக்கௌரவம் கிடைத்தது 1958-இல்தான். முப்பத்தொரு வருஷம் கழித்து!

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த சம்பவம் 1924-இல் நடந்தது. அப்போது போஸ் டாக்கா ஸர்வகலாசாலையில் ஆசிரியர். ஸாஹா அலகாபாத்தில் பேராசிரியர். ஒரு சமயம் ஸாஹா டாக்காவுக்கு வந்து போஸின் இல்லத்தில் தங்கினார். ஒரே பெஞ்சியில் படித்து, ஒரே இடத்தில் வேலை பார்த்து, பிறகு பிரிந்து வாழ்ந்த இருவர் ஒரு கூரையின்கீழ்க் கூடினார்கள். போஸோ பேச்சில் பெரும் பிரியர். நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்கு வங்காளத்தில் 'அட்டா' என்று பெயர். அதில் அவர் மன்னர். ஆகவே ஊர்க் கதையும் பேசியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

அதோடு வேறொன்றும் பேசினார்கள். மாணாக்கர்களுக்குப் பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் போதிக்கும்போது, அது பெறப்படும் முறையில் ஓர் ஒட்டுத் தையல் இருப்பதாகப் போஸின் மனத்துக்குப் பட்டு வந்தது. பழைய பௌதிகத்திலிருந்து பாதியும் புதிய பௌதிகத்திலிருந்து பாதியும் எடுத்து இணைத்த தையல். தமக்கே திருப்தியில்லாததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை. ஸாஹாவோ அதே விஷயத்தைப் பற்றிப் பௌலியும், ஐன்ஸ்டீனும் எஹ்ரன்பெஸ்டும் அண்மையில் எழுதியிருந்த கட்டுரைகளைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பேச்சு போஸின் சிந்தனையைத் தூண்டிவிட்டது.

போஸ் கண்ட வழியை வீட்டுப் பொருளைக் கொண்டே விளக்கலாம். இரண்டு நாணயங்களை இரண்டு டப்பாக்களில் போடவேண்டும். நாணயங்கள் வெவ்வேறாக இருந்தால் நான்கு விதமாகப் போடலாம். இரண்டும் அடையாளமே தெரியாதபடி ஒன்றுபோல் இருந்தால்? இரண்டும் இதில், இரண்டும் அதில், இங்கொன்று அங்கொன்று என மூன்றே விதம். ஒளித் துகள்களை இந்த இரண்டாவது முறையில் எண்ணவேண்டும் என்று போஸ் கொண்டார். பிளாங்கின் விதி ஒட்டுப் போடாமலே வந்து நின்றது. 1924 ஜூன் 4-ஆம் தேதி அக்கட்டுரையை ஒரு கடிதத்தோடு ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீன் தாமே அதை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து அவ்வாண்டிலேயே பிரசுரிக்கச் செய்தார். இன்று உலகத்திலுள்ள துகள்களில் ஒரு பெருவகுப்புக்கே 'போஸான்' என்று பெயர் வழங்குகிறது. டாக்டர் பட்டமும் பெறாத ஓர் ஆசிரியர், தம் பாடத்தைச் செம்மையாகச் சொல்லவேண்டுமென்று பட்ட கவலையின் பலன் அது. பழைய சகபாடி ஒருவர் வீட்டுக்கு வந்து தங்கியதற்கும் அதில் பங்குண்டு.

பிற்காலத்தில் இருவர் வழியும் பிரிந்தன. ஸாஹா பொது வாழ்வில் இறங்கினார். 1935-இல் விஞ்ஞானத்தையும் சமூகத்தையும் பற்றிப் பேச ஒரு பத்திரிகை தொடங்கினார். நதிகளின் வெள்ளத்தைத் தடுக்கத் திட்டம் வேண்டுமென்று விடாது எழுதினார். அணு ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1952-இல் சுயேச்சையாகத் தேர்தலில் நின்று லோக சபைக்குச் சென்றார். போஸ் ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதிகம் எழுதியவரல்ல. கற்பித்தார், எஸ்ராஜ் வாத்தியம் வாசித்தார், 1948-இல் வங்க மொழியிலேயே விஞ்ஞானத்தைப் பரப்ப ஒரு சங்கமும் பத்திரிகையும் தொடங்கினார். அவரும் 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். கல்கத்தா பெஞ்சியில் பக்கத்தில் இருந்தவர்கள் டில்லியில் ஒரே பார்லிமெண்டின் இரு சபைகளில் இருந்தார்கள்.

1956 பிப்ரவரி 16-ஆம் தேதி டில்லியில் திட்டக் கமிஷன் காரியாலயத்துக்குச் செல்லும் வழியில் ஸாஹா மயங்கி விழுந்து உயிர் நீத்தார். அந்தக் கமிஷனில் அப்போது அங்கத்தினராயிருந்தவர்களில் ஒருவர் அவருடைய கலாசாலைத் தோழர் ஞான் சந்திர கோஷ். கோஷும் 1959-இல் மறைந்தார். போஸ் எண்பது வயது நிரம்பக் கண்டு, 1974 பிப்ரவரி 4-ஆம் தேதி காலமானார். போஸ், ஸாஹா இருவர் பெயரும் நோபல் பரிசுக்கு ஒரு முறைக்கு மேல் முன்மொழியப்பட்டன. இருவருக்கும் அது கிட்டவில்லை.

இப்போது கணக்குப் பார்ப்போம். இந்த வகுப்பில் முதல்வர் யார்? 1915-ஆம் ஆண்டுப் பட்டியல் போஸ் என்கிறது. 1927-ஆம் ஆண்டில் கேட்டிருந்தால் உலகம் ஸாஹா என்றிருக்கும். நிர்வாகத்தைக் கொண்டு அளந்தால் கோஷ். மாணாக்கர்களைக் கொண்டு அளந்தால் ஸென். சிறைக் கதவைக் கொண்டு அளப்பவர்கள் சைலேந்திரநாத்தைச் சொல்வார்கள். ஆண்டுதோறும் பரீட்சை முடிவு வரும் வாரத்தில் நம் வீடுகளில் அரை மார்க்குக்கும் கால் மார்க்குக்கும் கண்ணீர் பெருகுவதை, உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நாம் பார்த்து வருகிறோம். அந்தப் பட்டியல் அந்த ஒரு நாளைய பட்டியல், அவ்வளவுதான். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை முந்திக்கொண்டான் என்று வெதும்பும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம்: உங்கள் பிள்ளைக்குப் பத்தாண்டுக்குப் பின் ஒரு கடினமான கேள்வி எழும்போது, அதைப் புரிந்துகொள்ளக்கூடியவன் ஒருவேளை அந்தப் பிள்ளை ஒருவனாகவே இருப்பான். அவனைப் பகைவனாக்கி விடாதீர்கள்.

ஒரு குறையையும் இங்கே சொல்லவேண்டும். இதுவரை நாம் சொன்ன பெயர்கள் யாவும் ஆண்களின் பெயர்களே. நமது இல்லங்களில் பட்டம் பெற்ற பெண்மணிகள் இன்று எத்தனையோ பேர். ஆனால் விவாகமானவுடன் ஊர் மாறுகிறது. சிலருக்குப் பெயரின் பின்பாதியும் மாறுகிறது. பழைய சிநேகிதியைத் தேடுகிறவர்களுக்கு அவள் அகப்படுவதில்லை. கணவரின் நண்பர்கள் வந்தால் காப்பி கலந்து கொடுக்கிறவளுக்கு, தன்னோடு படித்தவள் ஒருத்தி இரண்டு நாள் வந்து தங்குவது என்பது நடவாத காரியமாயிருக்கிறது. டாக்காவில் ஸாஹா தங்கியதைப் போல, அவள் வீட்டிலும் ஒருத்தி வந்து தங்கிப் படித்ததைப் பற்றிப் பேச இடமிருக்கவேண்டாமா? இதை வீட்டிலுள்ள ஆண்மக்கள் யோசிக்கவேண்டும்.

பழைய சகபாடிகளை இன்று கண்டுபிடித்துவிட்டோம். நல்லது. இனி ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். "என்ன உத்தியோகம்?" என்பதோடு நில்லாமல், "இப்போது உன் மனத்தைப் பிடித்து ஆட்டும் விஷயம் எது? என்ன படிக்கிறாய்? எது விளங்காமல் நிற்கிறது?" என்று கேட்போம். விவசாயம் செய்கிறவர் மண்ணைப் பற்றிச் சொல்வார்; வைத்தியர் ஒரு நோயைப் பற்றிச் சொல்வார்; உபாத்தியாயர் ஒரு பையனைப் பற்றிச் சொல்வார். எல்லாப் பேச்சிலிருந்தும் உலகப் புகழ் பிறந்துவிடாது. ஆனால் பிறந்தநாள் வாழ்த்தோடு நின்றுபோன சிநேகம் மறுபடி நடக்கத் தொடங்கும். வருகிற விடுமுறையில் வாசகர்கள் ஒருவருக்காவது எழுதிக் கேட்டுப் பார்க்கவேண்டுகிறோம். கூடுமானால், இரண்டு நாள் வந்து தங்கும்படி அழைக்கவும் வேண்டுகிறோம்.